கண்காவல்

தள்ளுவண்டி நின்றுவிட்டது, கதவு திறக்கவில்லை, பீப்பாய் வண்டியின்மேல் அப்படியே இருந்தது, அதைப் பார்த்துக்கொண்டு சுகிர்தாவும் நின்றாள். பார்ப்பதுதான் வேலை, வேறொன்றும் இல்லை. தொடக்கூடாது, சாயக்கூடாது, குனிந்து சப்பாத்துக் கயிறு கட்டக்கூடாது. இடுப்பளவு உயரம், சாம்பல் நிறம், மூடிக்குக் கீழே காதுமடல் மாதிரி ஒரு நசுங்கல். உள்ளே இருப்பது ஓர் அணு ஏவுகணையின் நெஞ்சு. அதற்குச் சொந்தமான நாட்டுக்காரர் தங்கள் ஏவுகணைத் தலைகளைச் சுவருக்கு அந்தப் பக்கம் வைத்துப் பிரிப்பார்கள். அதை வெளிநாட்டுக் கண் காணக்கூடாது. பிரித்ததைப் பீப்பாயில் போட்டு இந்த நீண்ட நடைக்கூடத்துக்குக் கொண்டுவருவார்கள். இங்கிருந்து அது சர்வதேசக் கண்காணிப்பாளரின் பொறுப்பு. கூடத்தின் முடிவில் உள்ள கதவுக்கு அப்பால் அளக்கும் கருவி, அதைத் தாண்டி முத்திரை, பிறகு காப்பறை. முத்திரை விழுந்தால் பயமில்லை. ஆனால் இந்தக் கூடத்தில் கமரா வைக்க அவர்கள் விடவில்லை, ஆகவே இந்தக் கொஞ்சத் தூரத்துக்கு முத்திரை மனிதக் கண்தான். இரண்டு பேர், பீப்பாய்க்கு இந்தப் பக்கம் ஒருவர், அந்தப் பக்கம் ஒருவர். ஒருவருக்குத் தும்மல் வந்தால்கூட, வேறு பக்கம் திரும்ப வேண்டி வந்தால்கூட, முதலில் வாய்விட்டுச் சொல்ல வேண்டும்: கண் உனக்கு. மற்றவர் வாய்விட்டுப் பதில் சொல்ல வேண்டும்: கண் எனக்கு. அதன்பிறகுதான் திரும்பலாம். அந்நாட்டு மேஜருக்கும் விளங்க வேண்டும் என்பதால் அதை ஆங்கிலத்தில்தான் சொல்வது. ஆனால் சுகிர்தாவின் தலைக்குள் அது எப்போதும் தமிழில்தான் ஓடும், சின்ன வயதில் ஒளிச்சுப் பிடிச்சு விளையாடும்போது சொல்வதுபோல, கண் உனக்கு, கண் எனக்கு. அந்தப் பக்கம் நிற்கும் குணாளன் அண்ணை கைகளைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்கிறார் என்பது அவளுக்குப் பார்க்காமலே தெரியும், அவருடைய மூக்கடைப்பு மூச்சு கேட்டுக்கொண்டிருந்தது. அளக்கும் கருவி சூடாக வேண்டும் என்று மேஜர் சொல்லியிருந்தார். குளிர்நாட்டில் எல்லாவற்றுக்கும் சூடாக வேண்டியிருக்கிறது. அவள் விரல்களும் அப்படித்தான், கையுறைக்குள்ளே வேறு ஆருடையதோ விரல்கள்போல இருந்தன.

பார்ப்பது லேசான வேலை என்று நினைப்பவர்கள் ஒரு பொருளைப் பார்த்துக்கொண்டே இருந்து பார்த்ததில்லை. கொஞ்ச நேரத்தில் பொருள் தேய்ந்துபோகும். பீப்பாய் பீப்பாயாக இல்லாமல் ஒரு நிறமாகும், பிறகு அதுவும் போய் ஒரு வேலியோ ஒரு நெற்றியோ ஆகும், கண் திறந்தபடி இருக்க மனம் எழும்பி எங்கேயாவது போய்விடும். ஊரில், முகமாலையில் மிதிவெடி எடுத்த காலத்தில் இது இல்லை. அங்கே குப்புறக் கிடந்து ஒரு சாண் மண்ணைப் பார்ப்பது, அதை விரலளவு விரலளவாகக் கிளறுவது, மனம் ஓடினால் கை போய்விடும், ஆகவே மனம் ஓடாது. உலகத்திலேயே அவள் நிம்மதியாக இருந்த இடம் அந்த வெடிப்பாத்திதான் என்று சொன்னால் ஆர் நம்புவார்கள். அந்தக் கண்ணுக்காகத்தான் இந்த வேலைக்கே அவளைத் தெரிந்தெடுத்தார்கள். இங்கே மனம் ஓடினால் ஒன்றும் வெடிக்காது. அதுதான் வில்லங்கம். காலையில் தேநீரறையில் குணாளன் அண்ணை, “தங்கச்சி, பசியாறியாச்சா?” என்று கேட்டார், அவர் நாட்டில் சாப்பிட்டாயா என்பதற்கு அப்படித்தான். “ஓம் அண்ணை” என்றாள். “ஓம் ஓம்னு சொல்றியே, நான் என்ன பூசைக்கா கூப்பிட்டேன்?” தினமும் இதே பகிடி, தினமும் அவரே முதலில் சிரிப்பார். கோப்பியை ஒரு வாய் குடித்துவிட்டு முகத்தைச் சுளித்தார். “எங்க தைப்பிங்ல லோங்கான் தண்ணி இதவிட நல்லா இருக்கும் லா.” “லோங்கான் எண்டா என்ன?” “சாக்கடம்மா, சாக்கட. நீ குடி, நீ குடி.” கிள்ளான் துறைமுகத்தில் சுங்கத்தில் வேலை பார்த்த மனிதர். கண்டெய்னரைப் பார்த்தே உள்ளே என்ன என்று மோப்பம் பிடிச்சிருவேன் என்பார். ஒருநாள் இந்தப் பீப்பாய்களைப் பற்றியும் கேட்டாள், இதுக்குள்ளை என்ன மணக்குது அண்ணை? அவர் சிரிக்கவில்லை. “ஒரு ஊரு மணக்குது” என்றார், “பள்ளிக்கூடம் விடற நேரம்.” அதை நினைத்ததும் பீப்பாய் மறுபடி பீப்பாயாகியது, நசுங்கல் மறுபடி நசுங்கலாகியது, இதுக்குள் இருப்பது ஏதோ ஒரு ஊருக்கென்று செய்யப்பட்டது, அந்த ஊர்ச் சனம் இப்போது எழும்பி முகம் கழுவிக்கொண்டிருக்கும், தங்கள் ஊரின் பங்கு ஒரு தள்ளுவண்டியில் கதவு திறக்கக் காத்துக்கொண்டிருப்பது அவர்களுக்குத் தெரியாது. பாவங்கள். யன்னலைத் திறக்குங்கள், பிள்ளைகளுக்குத் தலை வாரி இழுங்கள், பின்னேரம் கறிக்கு என்ன வாங்குவதென்று சண்டை பிடியுங்கள். நான் பார்த்துக்கொண்டுதான் நிற்கிறேன்.

அப்போதுதான் பின்னால் அந்தச் சத்தம். இரும்பு, வெறும் சீமெந்து நிலம், மேலே தகரக்கூரை. வேலையாள் ஒருவன் கையிலிருந்து பீப்பாய்மூடி இறுக்கும் வளையம் விழுந்தது, அவ்வளவுதான், ஆனால் அது விழுந்து முடிந்தபிறகு தெரிந்த விசயம். விழுந்தபோது அவளுக்கு வயது இல்லை, நாடு இல்லை, தோள் காதுவரை ஏறிவிட்டது, முழங்கால் யுத்தகாலத்துப் பங்கர்க்குழியைத் தேடி மடங்கிவிட்டது, உடம்பு தானாகத் திரும்பிவிட்டது. வளையம் உருண்டு உருண்டு சுவரில் முட்டிப் படுத்தது. வேலையாள் கையை விரித்துக் காட்டினான். ஒன்றுமில்லை. ஒன்றுமேயில்லை. மூச்சை விட்டபடி அவள் முன்னால் திரும்பினாள். திரும்பிய கண் பீப்பாய்க்குப் போகும் வழியில் குணாளன் அண்ணையின் கண்ணில் முட்டியது. அகலத் திறந்து, புருவம் ஏறி, ஒண்ணுமில்லையே மா என்று கேட்கும் கண். ஒரு கணம் அதில் அவளுக்கு ஆறுதலாகக்கூட இருந்தது. பிறகுதான் விளங்கியது. அவர் கண்ணை நான் கண்டேன். என் கண்ணை அவர் கண்டார். அப்படியென்றால் பீப்பாயை ஆர் கண்டது?

இருவரும் ஒரே நேரத்தில் கண்ணைப் பீப்பாய்க்குத் திருப்பினார்கள், களவெடுத்ததைத் திருப்பி வைப்பதுபோல. பீப்பாய் இருந்தது. ஏன் இராமல் போகிறது. வண்டியின் கைப்பிடியைப் பிடித்தபடி அந்நாட்டு ஆட்கள் இருவர் கொட்டாவி விட்டுக்கொண்டு நின்றார்கள், மேஜர் கதவோடு இருந்த சுவர்த் தொலைபேசியில் முதுகைக் காட்டிக்கொண்டு கதைத்துக்கொண்டிருந்தார், ஒருவரும் காணவில்லை, உலகத்தில் இது இரண்டு பேருக்கு மட்டும்தான் தெரியும். நான் சொன்னேனா? கண் உனக்கு என்று சொன்னேனா? சொன்னமாதிரித்தான் இருந்தது. தமிழில் சொன்னமாதிரி. தமிழில் சொன்னால் அது தலைக்குள் சொன்னது, வாயால் சொல்லவில்லை, வாயால் சொல்லியிருந்தால் அவர் கண் எனக்கு என்று சொல்லியிருப்பார், அவர் சொல்லவில்லை, சொன்னாரா, இல்லை, மூச்சுச் சத்தம்தான் கேட்டது, இப்போது அந்த மூச்சும் கேட்கவில்லை, மனிதர் மூச்சைப் பிடித்துக்கொண்டு நிற்கிறார். ஒரு மூச்சு நேரம்தானே. ஒரு மூச்சு நேரத்துக்குள் இந்தக் கனத்தை ஆர் தூக்கி மாற்றுவது? ஆனால் சுவரோரம் வெறும் பீப்பாய்கள் வரிசையாக நிற்கின்றன, அதே சாம்பல், அதே உயரம். இல்லை, விசர்க்கதை. நசுங்கல் இருக்கிறதே. நசுங்கல் இருக்கிறது. முன்னம் அது பற்றவைத்த ஒட்டுத்தையலுக்கு இடப்பக்கமாக இருந்ததா, வலப்பக்கமாகவா? இவ்வளவு நேரம் பார்த்தவளுக்கு அது தெரியவில்லை. காதுமடல் என்று மட்டும் தெரியும். எந்தக் காது? எல்லாப் பீப்பாயிலும் ஒரு நசுங்கல் இருக்கும், தூக்கும் கொக்கி அதே இடத்தில்தானே இடிக்கும். பார்க்கப் பார்க்க அது புதிதாக அடித்த நசுங்கல்போலவும் தெரிந்தது, பிறகு இல்லை, பழசு, பெயின்ற் உரிந்து துருப்பிடித்திருக்கிறது, பிறகு அது துருவா வெளிச்சமா? போதும். இதே பீப்பாய்தான், சத்தியமாக இதேதான், அவளுக்குத் தெரியும், குணாளன் அண்ணைக்கும் தெரியும். கதவு திறந்தால் மேஜர் கேட்கப்போவது ஒரேயொரு கேள்வி, ஒவ்வொருவரிடமும் தனித்தனியாக: கண் விட்டதா, பார்வை பீப்பாயைவிட்டு விலகியதா? விடவில்லை என்று சொன்னால் பீப்பாய் உள்ளே போகும். இருவருக்கும் விட்டது என்றால் வந்த வழியே திரும்பும், அதோடு வந்த மற்றவையும் திரும்பும், எல்லாவற்றையும் முதலிலிருந்து. அதுகூடப் பரவாயில்லை. இந்த வேலையை நிறுத்தச் சொல்லி அந்த நாட்டில் ஒரு கூட்டம் தெருவில் நிற்கிறது, வெளிநாட்டுக்காரர் வந்து வில்லங்கம் பண்ணுகிறார்கள் என்று தொலைக்காட்சியில் தினமும் கத்துகிறார்கள், அவர்களுக்கு வேண்டியது இப்படி ஒரு நூல்தான், பிடித்து இழுத்தால் முழுவதும் உரிந்துவிடும், இன்னும் பிரிக்காத ஏவுகணைகள் தங்கள் குழிகளுக்குள்ளேயே இருந்துவிடும். குணாளன் அண்ணையும் போய்விடுவார். மழைக்காலத்தில் ஒருதரம் கண் அசந்ததற்கு ஏற்கெனவே எச்சரிக்கை வாங்கியவர், இன்னொருதரம் என்றால் வீட்டுக்கு. ஒரு சொல்தானே. விடவில்லை. எவ்வளவு சின்னச் சொல். ஒருவருக்கும் ஒன்றும் ஆகாது. எல்லோருக்கும் நன்மை. பிறகு ஏன் நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டு நிற்கிறது?

அம்மா. வேண்டாம், இப்போது அம்மா வேண்டாம். ஆனால் அவள் வந்தாள், விசாரணைக் குழுவுக்கு முன்னால் பிளாஸ்டிக் கதிரையில் கால்கள் நிலத்தில் முட்டாமல் இருந்தபடி. யுத்தம் முடிந்த நாள் வெட்டைவெளியில் இராணுவம் பதிவுக்கென்று ஆட்களைப் பிரித்தபோது நேசன் அண்ணா பஸ்ஸில் ஏறினான், அதற்குப் பிறகு அவனை ஒருவரும் காணவில்லை. அம்மாதான் சாட்சி. சட்டத்தரணி வடிவாகச் சொல்லிக்கொடுத்துக் கூட்டிவந்திருந்தார், அம்மா, பிள்ளை ஏறினதையும் பஸ் போனதையும் கண்டதாகச் சொல்லுங்கோ, அது போதும். கேட்டார்கள். அம்மா சொன்னாள், “பிள்ளை ஏறினான். யன்னலுக்குள்ளாலை கையைக் காட்டினான். பேந்து தண்ணிக் கான் சரிஞ்சுது, குனிஞ்சு நிமித்தினன். நிமிந்து பாக்க பஸ் இல்லை.” நடுவில் இருந்தவர் பேனையை நிறுத்தினார். நீங்கள் குனிந்த நேரம் அவர் இறங்கியிருக்கலாமா? “தெரியாது ஐயா.” அதோடு முடிந்தது. சாட்சி தொடர்ச்சியாகப் பார்க்கவில்லை. அந்தக் கானை ஆர் கேட்டது? ஐந்து லீற்றர் வெள்ளைக் கான், அதை விட்டுவிட்டுச் சொல்லியிருந்தால் அண்ணாவின் பெயர் அடுத்த கட்டத்துக்குப் போயிருக்கும். திரும்பி வரும்போது ஓட்டோவுக்குள் சுகிர்தா கத்தினாள். “ஏனம்மா அந்தக் கானைப்பற்றிச் சொன்னனீங்கள்? ஆர் உங்களைக் கேட்டது?” ஓட்டோக்காரன் கண்ணாடிக்குள்ளால் பார்த்தான். அம்மா சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, பெரிய இரகசியத்தைச் சொல்வதுபோலக் குரலைத் தாழ்த்திச் சொன்னாள், “நான் பாக்காத நேரம் அவன் இறங்கியிருப்பானடி.” அப்போது அது விசர்மனிசியின் கதைபோலக் கேட்டது. ஒரு கிழமை அவளோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை. அம்மா அந்தக் குனிந்த நேரத்தை ஒருவருக்கும் விற்கமாட்டாள். கண்டது முழுவதும் சேர்ந்தால் அண்ணா போய்விட்டான். காணாத அந்தக் கொஞ்சத்துக்குள்தான் அவன் இன்னும் பஸ்படியில் ஒரு காலை வைத்தபடி நிற்கிறான், இறங்குவான், வருவான். அங்கே ஒரு மனிதன் இறங்க முடியும் என்றால் இங்கேயும் எதுவோ ஏற முடியும். அதுதான் கணக்கு. காணாத நேரத்துக்குள் நல்லதை மட்டும் வைக்க ஏலுமா? இந்த ஒரு மூச்சு நேரத்தை நான் மூடிவிட்டால், விடவில்லை என்ற சொல்லை அதன்மேல் ஒட்டிவிட்டால், அது முத்திரையோடு காப்பறைக்குள் போய் இருக்கும், இல்லாத ஒரு பார்வை, என்னுடைய பெயரோடு. இன்னொரு கூடத்தில் இன்னொருத்தி அப்படி ஒட்டுவாள். பிறகு ஒருநாள் காப்பறை முழுக்கப் பீப்பாய்கள் இருக்கும், உள்ளே இருப்பது என்னவென்று உலகத்தில் ஒருவருக்கும் தெரியாது, எல்லோரும் பார்த்ததாகச் சொல்லியிருப்பார்கள். ஆனால் குணாளன் அண்ணை. காலையில் பசியாறியாச்சா என்று கேட்ட மனிதன். வேறெதையும் பார்க்கத் திரும்பவில்லையே அவர். போன மாதம் வெளியே ஒரு லொறியின் ரயர் வெடித்தபோது அவள் மேசைக்குக் கீழே போனதைக் கண்டவர். அன்றைக்கு ஒரு பகிடியும் விடாமல் தானும் பக்கத்தில் வந்து குந்திக்கொண்டு, “இங்க நல்லாத்தான் இருக்கு லா, காத்து வருது” என்றவர்.

கதவு திறந்தது. அது சத்தம் போடாத கதவு, எண்ணெய் போட்ட கதவு, அதனாலேயே அவளுக்குத் திக்கென்றது, ஆனால் கண்ணை எடுக்கவில்லை. மேஜர் தொலைபேசியை மாட்டிவிட்டு வந்தார். நல்ல மனிதர், மீசைக்குள் எப்போதும் ஏதோ பிஸ்கற் தூள், இந்தப் பீப்பாய்களுக்குள் இருப்பவற்றுக்குத் தன் இளமை முழுவதும் காவல் நின்றதாகவும் இப்போது அவற்றை வழியனுப்புவதாகவும் ஒருமுறை தேநீரறையில் சொன்னவர். விறைப்பாக நின்று, உடைந்த ஆங்கிலத்தில், முதலில் மூத்தவரைக் கேட்டார். கண் விட்டதா? குணாளன் அண்ணை செருமினார். கொஞ்சம் பிந்தித்தான் பதில் வந்தது, ஆனால் வந்தது. “விடவில்லை.” அந்தக் குரலில் தைப்பிங்கும் இல்லை, துறைமுகமும் இல்லை, பகிடியும் இல்லை, பள்ளிக்கூடத்தில் வீட்டுப்பாடம் செய்துவிட்டேன் என்று சொல்லும் பிள்ளையின் குரல். சுகிர்தாவுக்குக் காதுக்குள் சூடு ஏறியது. அவர் சொல்லிவிட்டார். இனி நான் மாற்றிச் சொன்னால் அவர் பிழை விட்டவர் மட்டுமல்ல, பொய்யரும் ஆவார். அண்ணை, ஏன் அண்ணை அவசரப்பட்டனீங்கள்? எனக்காகத்தான் சொல்லியிருப்பார். முதலில் திரும்பினது நான்தானே. தன்னைக் காப்பாற்றவா என்னைக் காப்பாற்றவா, அது அவருக்கே தெரியுமோ என்னவோ. மேஜர் அவள் பக்கம் திரும்பினார். பீப்பாய்க்கு அப்பால், கண்ணின் ஓரத்தில், அண்ணையின் கை பின்னாலிருந்து அவிழ்ந்து பக்கத்தில் தொங்குவது மங்கலாகத் தெரிந்தது.

“கண் விட்டதா?”

“விட்டது” என்றாள். சொன்னபிறகுதான் தன் குரல் கேட்டது. “சத்தம் கேட்டது. நான் திரும்பிவிட்டேன். சொல்லாமல் திரும்பிவிட்டேன்.”

மேஜரின் முகம் எப்படிப் போனதென்று அவளுக்குத் தெரியாது, அவள் பீப்பாயைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். வண்டி தள்ளுபவர்களில் ஒருவன் தங்கள் மொழியில் ஏதோ முணுமுணுத்தான். மேஜர் அவனை அடக்கினார். அவர் குரலில் கோபம் இல்லை, கெஞ்சல்போல ஏதோ ஒன்று இருந்தது, அது கோபத்தைவிடக் கஷ்டமாக இருந்தது. ஒருவர் திரும்பினாலும் மற்றவர் பார்த்துக்கொண்டிருந்தால் போதும், அது உங்கள் விதியே சொல்கிறது, இல்லையா? நண்பர் விடவில்லை என்கிறார். அப்படியானால் ஒன்றும் குழப்பமில்லை. நீங்கள் தலையை மட்டும் ஆட்டுங்கள், மிஸ். கதவு திறந்திருந்தது. உள்ளே அளக்கும் கருவியின் பச்சை வெளிச்சம். எவ்வளவு நல்ல வழி, அவரே பாயை விரித்துத் தருகிறார், அவள் தன் பிழையைச் சொல்லிவிட்டாள், தன் பங்கு உண்மையைக் கொடுத்துவிட்டாள், மிச்சம் அண்ணையுடையது, மற்றவர் கண்ணுக்கு நான் ஏன் பதில் சொல்ல வேண்டும், தலையை ஆட்டு, ஆட்டு, கழுத்து அசைந்தால் போதும்.

கழுத்து அசையவில்லை.

மேஜர் பெருமூச்சு விட்டார். பிறகு, கேட்க விருப்பமில்லாமல், கேட்க வேண்டியதைக் கேட்டார். “நீங்கள் திரும்பிப் பார்த்தபோது உங்கள் நண்பரின் கண் எங்கே இருந்தது?”

மூக்கடைப்பு மூச்சு இப்போது கேட்டது. அவள் அந்தக் கண்ணை மறுபடி கண்டாள், ஏறிய புருவத்தை, ஒண்ணுமில்லையே மா என்ற கேள்வியை. இத்தனை வருசத்தில் ஒரு சத்தத்துக்கு அவள் நடுங்கியபோது சத்தம் வந்த பக்கம் பார்க்காமல் அவளைப் பார்த்த ஒரே மனிதன்.

“என்மேல்” என்றாள்.